மதகடி நிலம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில் அக்கா எழுதுவது. இங்கே மனுஷர், மாடு எல்லாம் சுகம். வானத்துக்குத்தான் சுகமில்லை.

என்னடா, அக்கா போன் பண்ணாமல் காகிதத்தை எடுத்துவிட்டாளே என்று பதறாதே. போனில் பேசினால் பாதியிலேயே "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். இதை அப்படி வைக்க முடியாது. லீவு முடிந்து உன் துறைமுகத்துக்குத் திரும்புகிற உன் கூட்டாளியிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். பாவம், தலையாட்டிவிட்டுப் போனார்.

நாத்தனார் எழுதுகிறாள் என்றால் தம்பி பெண்டாட்டியைப் பற்றிப் புகார்தான் இருக்கும் என்று நினைப்பாய். நானும் எத்தனையோ தடவை புகார் சொல்லித்தான் இருக்கிறேன். இன்றைக்கு ஏமாந்து போகப்போகிறாய்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கிறபோது வாயைப் பொத்திக்கொள்கிறாள். பொத்துகிற கையைத் தாண்டிச் சிரிப்பு வருகிறது. செவலை மாடு பால் குறைத்துவிட்டது, தீவனம் அப்படி. உன் மாமாவுக்கு முழங்கால் வலி. மழை வரப்போகிறதற்கு அறிகுறி என்று அவராகவே சொல்லிக்கொண்டு திரிகிறார். முழங்கால் வலித்துக்கொண்டே இருக்கிறது, மழையைத்தான் காணோம்.

ஏரியில் பாதிகூட இல்லை. கரையில் நின்று பார்த்தால் நடுவில் போட்ட கல் தூண் அடிவரை தெரிகிறது. போன தடவை மழை ஏமாற்றியபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அவரவர் இஷ்டத்துக்கு நட்டார்கள். கடைமடைக்காரர்கள் வாய்க்காலை உடைத்தார்கள், தலைமடைக்காரர்கள் தடியோடு காவல் இருந்தார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஏரி வற்றிப்போய், மதகு பக்கத்தில் இருந்தவனுக்கும் பதர், வால் பக்கத்தில் இருந்தவனுக்கும் பதர். ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் முழிக்காமல் ஒரு வருஷம் ஓடியது.

அதனால்தான் உன் மனைவி இந்தப் போகத்துக்கு அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாள். நீ போனில் அதைக் காதில் முழுசாக வாங்கவில்லை என்று எனக்குச் சந்தேகம், அதனால் நான் சொல்கிறேன். இருக்கிற தண்ணீரில் மதகுக்குக் கிட்டே உள்ள நிலம் மட்டும்தான், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான், விளையும். ஆகவே எல்லாக் குடும்பமும் அங்கேயே வந்து பயிர் வைப்பது. அவரவர் சொந்த நிலத்தின் அளவுக்குத் தக்கபடி ஆளுக்கொரு துண்டு. எல்லோரும் ஒரே குறுகிய காலத்து நெல், ஒரே வாரத்தில் நடவு. அப்போதுதான் மதகை முறைவைத்துத் திறந்து மூட முடியும். மற்ற நிலத்தில் ஈரம் உள்ள இடத்தில் எள், இல்லாத இடம் சும்மா கிடக்கட்டும். அறுத்ததும் எல்லைக்கு அடித்த முளைக்குச்சியைப் பிடுங்கிவிட்டு அவரவர் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

சொல்வதற்கு இரண்டு மூச்சு. செய்து பார்த்தால் தெரியும். பாசன சங்கத்துக்குச் செயலாளர் ஆனபோது இவளுக்கு என்ன தெரியும் என்று சிரித்தவர்களில் உன் அக்காவும் ஒருத்தி. அளவு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் வரப்பு வரப்பாக நடந்தாள். "டேப்பக்கா" என்று பேரே வைத்துவிட்டார்கள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். டேப்பின் மறுமுனையைக் கேலி பண்ணினவன் கையிலேயே கொடுத்து, பிடித்துக்கொள் என்றாள். அவன் சாயங்காலம்வரை பிடித்துக்கொண்டு நடந்தான்!

கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உரக் கிடங்கில் மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தோம். வீட்டுக்கு வீடு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, ஆண்கள் மட்டும் வந்தால் விளைச்சல் கூடிவிடும் அண்ணி என்றாள். அப்புறம்தான் புரிந்தது. போன வறட்சியில் அவரவர் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு நெல் வந்தது என்று ஒவ்வொருத்தரையும் எழுந்து சொல்லச் சொன்னாள். பம்பு மெக்கானிக் மார்பை நிமிர்த்திக்கொண்டு பத்து மூட்டை என்றார். பக்கத்திலிருந்த அவர் பெண்டாட்டி, எந்த வீட்டுக்கு வந்தது அந்தப் பத்து மூட்டை, எனக்கும் சொல்லுங்கள் என்று கேட்டாள். கிடங்கே அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒருத்தரும் கூட்டிச் சொல்லவில்லை. ஒவ்வொருத்தராக எழுந்து ஒன்று, ஒன்றரை, ஒன்றுமே இல்லை என்று சொல்லச் சொல்ல, சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. தலைமடைக்காரர் வாயாலேயே அவர்களும் தோற்றுப்போனது வந்துவிட்டது. அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. எனக்கென்றால் வாய் சும்மா இருந்திருக்காது.

அப்போதுதான் மில்காரர் எழுந்தார். தலைமடையில் பாதி நிலம் அவருடையது, உனக்கே தெரியும். ஊரான் நிலத்தைக் கூறுபோடுவது சுலபம் அம்மா, முதலில் யார் நிலம் என்று சொல்லு என்றார். இவள் எழுந்து நின்று, எங்கள் நிலம்தான் முதலில், எங்கள் வீட்டுக்காரர் தருவார் என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மில்காரர் அவளிடமே திரும்பினார். உன் புருஷன் நிலம் மதகடி நிலம், அதைவிட நல்ல மண் இங்கே யாருக்கும் கிடையாது. அதையே கொடுக்கிறான் என்றால் என்னுடையதையும் எழுதிக்கொள் என்று சொல்லி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள் மளமளவென்று. நான் அழுதேன் தம்பி. மூட்டைத் தூசி என்று உன் மாமாவிடம் சமாளித்தேன்.

உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் யோசித்துப் பார். அந்த இடத்தில் அவள், கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்திருந்தால் கூட்டம் அத்தோடு கலைந்திருக்கும். உன்னைத் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். அதனால் வந்த வார்த்தை அது.

மறுநாள் நீ போனில் முடியவே முடியாது என்றாய். நான் அடுப்படியில் இருந்தேன், நீ போட்ட சத்தத்துக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. கிரேன் மேலே உட்கார்ந்து தூசி தின்று அனுப்பின காசில் மண்ணடித்து, மட்டம் பண்ணி, எரு போட்ட நிலம் என்றாய். வாஸ்தவம். உள்ளே விட்டவன் வெளியே போகமாட்டான் என்றாய். அந்தப் பயம் மில்காரருக்கும் இருந்தது, அதையும் அவள் விடவில்லை. யாரும் வரப்பைத் தொடக்கூடாது, கயிறும் முளையும்தான் எல்லை. ஒருத்தன் அறுத்த பிறகும் நின்றால் அடுத்த போகம் அவனுக்கு மதகு திறக்காது என்று சங்கம் மொத்தமும் கை தூக்கியிருக்கிறது. கடைசியாக, அக்கா சொல்லிக் கொடுத்தாளா என்றாய். அதுதான் எனக்கு இங்கே, நெஞ்சில், குத்தியது.

என் நிலம் கடைமடையில் இருக்கிறது. இந்தத் திட்டம் நடக்காவிட்டால் எனக்கு இந்த வருஷம் ஒரு மணி கிடையாது. மறைக்க என்ன இருக்கிறது? நீ சொன்னதைக் கேட்ட பிறகு அவளிடம் போய், என் துண்டை எடுத்துவிடு, என் தம்பி அப்படிப் பேச இடம் வேண்டாம் என்றேன். அண்ணி, உங்களுக்காக ஒரு சாண் கூட்டவும் மாட்டேன், உங்களுக்காக ஒரு சாண் குறைக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டினாள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு விழுந்தது எந்தத் துண்டு தெரியுமா? உன் நிலத்து மூலையில், அந்தப் பெரிய மரத்து நிழலில். நிழலில் நெல் எப்படிப் பிடிக்கும்? மாற்றிக் கொடேன் என்று ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன். கேட்காத மாதிரிப் போய்விட்டாள். சொந்த நாத்தனாருக்கே இந்தக் கதி! வீட்டுக்கு வந்து கரித்துக் கொட்டினேன். கொட்டி முடித்ததும், இப்படி ஒருத்தி நம் வீட்டுக்கு வர நாம் என்ன புண்ணியம் பண்ணினோம் என்று தோன்றியது. இதை நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவைக்காதே, அப்புறம் என்னை மதிக்கமாட்டாள்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். வருகிற திங்கட்கிழமை காலை முளை அடிக்கிறோம், முதலில் நம் நிலத்தில். நீ விலகினால் மில்காரர் விலகுவார், அவர் விலகினால் எல்லாம் போச்சு. மறுபடியும் தடியும் வாய்க்காலும் பதரும்தான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், நீ மறுத்ததை அவள் இதுவரை ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடம்கூட அவளாக அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானாகத்தான் அவளை இழுத்து உட்காரவைத்து, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைவரை பார்ப்பாளாம். உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் சங்கத்தைக் கூட்டி, நான்தான் அவசரப்பட்டு வாயைவிட்டேன், அவரிடம் கேட்கவே இல்லை, எல்லாத் தப்பும் என்னுடையது என்று சொல்லிவிட்டுப் பொறுப்பைவிட்டு இறங்கிவிடுவாளாம். அவ்வளவு பேர் முன்னால் தான் அசிங்கப்பட்டாலும் பரவாயில்லையாம். அவர் அங்கே தனியாகக் கிடந்து கஷ்டப்படுகிறார் அண்ணி, நாலு பேர் அவரை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றாள்.

தம்பி, நிலம் உன்னுடையது. நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு, என்னை வேண்டாம். நீ மறுத்தது நம் மூன்று பேருக்குள்தான் இருக்கிறது. மூன்று பேரும் மறந்துவிட்டால் அது நடக்கவே இல்லை. மன்னிப்பெல்லாம் கேட்க உனக்கு வராது, சின்ன வயதிலிருந்தே வராது. முதல் முளையை எந்த மூலையில் அடிக்கப்போகிறாய் என்று மட்டும் அவளிடம் கேள். அவள் புரிந்துகொள்வாள்.

நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு நூறு வருஷம் இருக்க வேண்டும்.

கோபமும் பாசமும் குறையாத
உன் அக்கா