கோல்டன் மரத்தின் கீழ்க்கிளைகள்

கோட்கட்,
மாக மாதம், பனி விட்ட மறுநாள்.

நீர்ஜாவின் அப்பாவுக்கு,

ப்ரோமிலா வணங்கி எழுதுவது. பனி மூடிய கணவாய்க்கு அப்பால், அந்தக் கேலாங் குளிரில், நம் கிராம தேவதை உங்களுக்குத் துணையிருக்கட்டும். இங்கே உங்கள் அம்மாஜி சுகம். செவலைப் பசு சினையாக இருக்கிறது. போன இரண்டு கடிதங்களில் "எல்லோரும் நலம்" என்று எழுதியிருந்தேன். இந்த முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. காரணத்தைச் சொல்லாமல் கடிதத்தை மூடமாட்டேன். கேலாங்குக்குப் போகும் ஹெலிகாப்டர் தபாலை நாளை மறுநாள் கட்டுகிறார்களாம். அம்மாஜியும் நீர்ஜாவும் தந்தூர் அடுப்புப் பக்கம் தூங்கிவிட்டார்கள். அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஆப்பிள் தோட்டம். இன்று நம் வீட்டில் கவாத்து. வழக்கம் போல ஜியாலால் சித்தப்பாவும் அக்கம்பக்கத்து ஆட்களும் கத்தரியோடு வந்தார்கள். பதிலுக்கு அவர்கள் தோட்டங்களுக்கு இனி நம் வீட்டிலிருந்து நான் போக வேண்டும். ராயல் ரக மரங்கள் எல்லாம் நன்றாக அமைந்துவிட்டன. நடுவில் வெளிச்சம் இறங்குகிற மாதிரி திறந்து விட்டார்கள். வெட்டின இடமெல்லாம் நீல மருந்து பூசியாயிற்று.

கடைசியாக வீட்டோரத்துக் கோல்டன் மரத்துக்கு வந்தார்கள். சித்தப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "யாருப்பா இதுக்கு மொட்டை போட்டது? கண்ணை மூடிக்கிட்டு வெட்டினாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "படிச்ச மருமக கிட்டக் கேளுங்க, புதுசா ஏதாவது முறையா இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். நான் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மாஜி விறகை அப்படியே போட்டுவிட்டு வந்து, "நான்தான் வெட்டினேன். கிழவிக்குப் புத்தி பிசகிப்போச்சு, போதுமா? டீ ஆறுது, குடிங்க" என்றார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. மரத்தில் அம்மாஜியின் கை பிசகாது என்று அங்கே யாருக்குத் தெரியாது? நான் தட்டை நீட்டினேன். அவ்வளவுதான்.

வெட்டியது நான். அக்டோபரில், இலை பச்சையாக இருக்கும்போதே, ரம்பத்தை எடுத்துக் கீழ்க்கிளைகளை எல்லாம் தண்டோடு அறுத்துத் தள்ளினேன். அம்மாஜி ஓடி வந்து கையைப் பிடித்தார்கள். "பனி மாசமான பூஸ், மாகந்தான் மரத்துக்கு ராத்திரி. தூங்குற பிள்ளைக்கு நகம் வெட்டலாம், சாப்பிட்டுக்கிட்டு இருக்குற பிள்ளைக்கு வெட்டுவியாடி? பட்ட கொம்பை எப்ப வேணா எடு. மழைக்கு முன்னாடி வீணாக் கிளம்புற நீர்ப்போத்தைக் கிள்ளு. பச்சைக் கிளைமேல இப்பக் கை வைக்காதே" என்று கெஞ்சினார்கள். "நான் தாவரவியல் படிச்சவ அம்மாஜி" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நல்ல வெயில். மரம் ஏமாந்து துளிர் விட்டது. மறுவாரமே உறைபனி. துளிரெல்லாம் கருகி, வெட்டுவாயிலிருந்து பட்டை கீழே கீழே அழுகி இறங்கிவிட்டது. இந்த வசந்தத்தில் அது பூக்காது. பிழைத்தாலே பெரிது.

ஏன் வெட்டினேன் என்று கேட்பீர்கள். வால்நட் காயப்போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். நீர்ஜா அந்த மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். என் கையில் ஒரு வாரப் பத்திரிகை, அதில் ஒரு கதை. அவள் "அம்மா" என்று சிணுங்கினாள். இந்தப் பக்கம் முடியட்டும் என்று இருந்தேன். இரண்டாம் முறை அவள் கூப்பிட்டது சிணுங்கல் இல்லை. தாழ்ந்த கிளையின் காய்ந்த குச்சி இடது கண்ணில் குத்தியிருந்தது. எழுதிவிட்டேன். இதைத்தான் இரண்டு கடிதமாக எழுதாமல் இருந்தேன்.

அன்றே சிம்லாவுக்குக் கொண்டுபோனோம். கருவிழியில் வெள்ளையாக ஒரு தழும்பு நிற்கிறது. அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, எவ்வளவு தெரிகிறது என்று மார்ச்சில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அதுவரை தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணை மூடிவைத்து, மற்றதைப் பழக்க வேண்டுமாம். மூடினதும், "விளக்குப் போடு அம்மா" என்று அழுகிறாள். பட்டப்பகலில். சிம்லாவிலிருந்து திரும்பின மறுநாள்தான் ரம்பத்தை எடுத்தேன். மரத்தைத் தண்டிக்கப் போனேன். என்னைத் தண்டிக்க எனக்கு வழி தெரியவில்லை.

இன்னும் இருக்கிறது. நம் பங்கில் கோல்டன் அது ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரியும். அதன் பூவின் மகரந்தம் இல்லாமல் ராயலில் காய் பிடிக்காது. பாகம் பிரித்தபோது மற்றவை எல்லாம் உங்கள் அண்ணன் பக்கம் போயின. பூத்த கொப்புகளை அவர்களிடம் வாங்கி, தண்ணீர்ப் புட்டியில் வைத்து நம் மரங்களில் கட்டினால்தான் உண்டு. அவர்கள் வீட்டுக் கவாத்து நாளை மறுநாள். பூக்கொப்புகளை விட்டுவைக்கச் சொல்ல அதற்குள் கேட்டாக வேண்டும். பாகத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறாத அம்மாஜி, இன்று சாயங்காலம் பச்சைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். உங்கள் அண்ணி சந்தேஷ் அக்கா, "காலேஜ் மருமக இருக்கையில எங்க வீட்டுப் பூ எதுக்கு அத்தை?" என்றாராம். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். "கால் வலிக்குது" என்று மட்டும் சொல்லி அம்மாஜி படுத்துவிட்டார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கு வந்தது ஜியாலால் சித்தப்பா மூலம்.

விடிந்ததும் நானே அங்கே போகப் போகிறேன், நீர்ஜாவைத் தூக்கிக்கொண்டு. வெட்டினது நான், அம்மாஜி இல்லை என்று சந்தேஷ் அக்காவிடம் முதலில் சொல்வேன். பூவை அதற்குப் பிறகு கேட்பேன். கொடுக்காவிட்டாலும் சொன்னது சொன்னதாக இருக்கட்டும். அவர் கேலி செய்தால் கேட்டுக்கொள்வேன். அது எனக்கு வர வேண்டியது.

நீங்கள் என்மேல் கோபப்படுங்கள். ஆனால் அம்மாஜிக்குத் தனியாக இரண்டு வரி போடுங்கள். நான் எத்தனை முறை காலைத் தொட்டாலும், "போடி, அடுப்பைப் பாரு" என்கிறார்கள்.

கணவாய் திறந்து நீங்கள் வரும்போது, சாலை வளைவிலேயே அந்த மரம் கண்ணில் படும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். உள்ளே வாருங்கள். நீர்ஜாவைத் தூக்கப் போகும்போது மட்டும் வலது பக்கமாக வாருங்கள், பெயர் சொல்லிக்கொண்டே வாருங்கள். இடது பக்கம் யாராவது வந்தால் திடுக்கிட்டுப் போகிறாள்.

உங்கள் பாதம் பணியும்,
ப்ரோமிலா