வேறொரு முப்லிஹா

ஓட்டமாவடி
10.10.2025

அன்பு மகள் முப்லிஹாவுக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் தங்கச்சி ஸுஹைனாவும் சுகம். போனில் பேசினால் கடையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும் என்பதால் எழுதி, கம்பஸ் பக்கம் ஓடுகிற ஜிப்ரியின் வேனில் அனுப்புகிறேன்.

நேற்று ஈரல் வாங்க வந்தவர் போனில் ஒரு படம் காட்டினார். "ஒங்கட மகள்தானே ஆதம்பாவா காக்கா இது? இறைச்சி வேணாமெண்டு எழுதின மட்டைய புடிச்சிக்கிட்டு நிக்கிறா." மாட்டிறைச்சிக் கடைதான் உன்னைக் கம்பஸ் வரை அனுப்பியது. இந்த யோசனை உன்னுடையதா, விடுதியில் பக்கத்துக் கட்டில் பிரஷாந்தியுடையதா? அந்த வர்ண நோட்டீசுகளை அடித்துத் தருவது யார்? எங்கள் கடைகளைப் பூட்டத் துடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது. மறைக்காமல் எழுது.

வாப்பா,
ஆதம்பாவா


மகளிர் விடுதி
12.10.2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு கோபம் வந்தது. நான் சாப்பிட்டேனா என்றுகூட நீங்கள் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது கன்டீனில் வாரத்தில் ஒரு நாள் முழு மரக்கறிச் சாப்பாடு. அவ்வளவுதான். பிரஷாந்தி மீன் பொரியல் இல்லாமல் சோற்றைத் தொடமாட்டாள். அவளையே நான்தான் கெஞ்சிக் கோரிக்கையில் கையெழுத்து வைக்கச் செய்தேன். ஆறு மாதமாக நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்தபோது வயிறு சரியில்லை என்று சொன்னது பொய், மன்னியுங்கள். மாடுகளை நினைத்துத்தான் விட்டேன், உங்கள் கடையை வெறுத்து அல்ல. நோட்டீஸ் அடித்துத் தருபவர் டவுனில் ஒரு சங்கத்தில் இருக்கிறார், நல்ல மனிதர். பிரதி எடுத்துத் தருவதாகக் கையெழுத்துத் தாள்களையும் வாங்கிப் போயிருக்கிறார்.

உங்கள்,
முப்லிஹா


ஓட்டமாவடி
21.10.2025

மகளுக்கு,

உன் நல்ல மனிதர் வேலையைக் காட்டிவிட்டார். ஊரிலுள்ள நாலு இறைச்சிக் கடைகளுக்கும் அடுத்த வருட அனுமதி கொடுக்கக் கூடாது என்று பிரதேச சபைக்கு மனு போயிருக்கிறது. பின்னால் மாணவர்களின் கையெழுத்துகள். முதலாவது உன்னுடையது.

சபையில் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். கிளாக்கர் என்னைப் பார்த்து, "இது ஒங்கட மகளா?" என்று கேட்டார். மற்ற மூவரும் என் முகத்தையே பார்த்தார்கள். தெரிந்தேதான் சொன்னேன், "இல்ல. அது வேற முப்லிஹா."

முப்பதாம் திகதி விசாரணை. நீ இந்தப் பக்கம் வராதே. அறிந்து கொடுத்தாயா, அறியாமல் கொடுத்தாயா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வாப்பா


மகளிர் விடுதி
23.10.2025

வாப்பாவுக்கு,

அறியாமல்தான் கொடுத்தேன். முதல் தாளில் கன்டீன் கோரிக்கை இருந்தது, பெயர்கள் இரண்டாம் தாளில் தொடங்கின. அவர் முதல் தாளை மட்டும் மாற்றிவிட்டார். இப்போது போன் எடுப்பதில்லை. நோட்டீஸ் அடிப்பது யார் என்று நீங்கள் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

இறைச்சியை இனியும் தொடமாட்டேன். ஆனால் உங்கள் கடையைப் பூட்ட என் பெயர் உதவக் கூடாது. எங்கள் பழைய முதல் தாளின் போட்டோ என்னிடம் இருக்கிறது. விசாரணைக்கு நான் வந்து அதைக் காட்டினால் மனு நிற்காது. ஆனால் நான் வந்தால் நீங்கள் சபையில் சொன்னது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊர் முன்னால் உங்களைத் தலைகுனிய வைக்க எனக்கு மனமில்லை. மறுபடியும் வராதே என்றால் வரமாட்டேன்.

நீங்கள் என்னை இல்லையென்று சொன்னது மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

முப்லிஹா


ஓட்டமாவடி
27.10.2025

அன்பு மகளுக்கு,

எங்காவது எதையாவது மறைத்திருக்கிறாயா என்று உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உம்மா அதைப் பறித்துப் படித்துவிட்டு, "புள்ள ஒண்டும் மறைக்கல்ல. மறைச்சது நீங்க" என்றாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மற்ற மூன்று கடைக்காரர்களையும் கூட்டி உண்மையைச் சொன்னேன். ஒருவர், "வாப்பாவும் மகளும் சேந்து எங்கள ஏமாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டு ஸலாம் சொல்லாமல் எழும்பிப் போனார். மற்ற இருவரும் நீ நேரில் வந்து சொன்னால்தான் நம்புவார்களாம்.

விசாரணைக்கு வியாழக்கிழமை காலை ஜிப்ரியின் வேனில் வா. சபையில் உன் பெயரைக் கூப்பிட்டதும் யாருடைய மகள் என்று கேட்பார்கள். அதற்கு நீ வாய் திறக்க வேண்டாம். நான் எழும்பி நிற்பேன்.

வாப்பா,
ஆதம்பாவா