சலவையில் போன ஐலண்டர் கார்டு

மின்னி பே, போர்ட் பிளேர்
பிப்ரவரி 9

என் தங்கமான பெனிட்டாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை; மாதா காவலில் நீயும் அப்பாவும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் 'நல்லா இருக்கேன்மா' என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு சொல் வருவதில்லை. அதனால்தான் காகிதம். ஜஸ்டின் மாமா மஸ்கட் வேலைக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கூடவே கருவாடும் உண்டு, வகுப்பில் திறந்து வைத்துவிடாதே.

உன் ஸ்கூல் கதையெல்லாம் அப்பா சொன்னார். பதினெட்டுப் பிள்ளைகள், பதினொரு நாடாம். டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்களாமே! இங்கே அப்படிக் கூப்பிட்டிருந்தால் சிஸ்டர் உன்னைப் பகல் முழுக்க வெளியே நிறுத்தியிருப்பார். ஆனால் கடல் ஏறி வற்றுவதைப் பற்றி எல்லார் முன்னாலும் பத்து நிமிடம் இங்கிலீஷில் பேசினாயாம். இங்கே கேள்வி கேட்டாலே தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை நீ. கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல பள்ளிக்கூடம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்த ஹானா போய்விட்டாளாமே. வகுப்பே அவள் சட்டையில் கையெழுத்துப் போட்டு வழியனுப்பியதாம். பிறந்தது கொரியா, முதலில் படித்தது கென்யா, இனிப் படிக்கப் போவது பெருவில். சொந்த ஊர் எது என்று நீ கேட்டதற்கு, தன் அப்பாவின் கம்பெனியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாளாம். உன் அப்பா இதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். நீ அன்று சாப்பிடவில்லை என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டார், மனுஷருக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

அடுத்தது கார்டு. நாம் அந்தமான்காரர்தான் என்று கப்பல் டிக்கெட்டுக்குக் காட்டுகிற ஐலண்டர் கார்டைத் தினமும் யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனாயாமே! அது வாஷிங் மெஷினில் விழுந்து உன் முகமும் பேரும் அழிந்துவிட்டதாம். மஸ்கட்டில் அதை யாரிடம் காட்டப்போகிறாய், பைத்தியமே? பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறதே என்று அப்பா தேற்றினாராம். பாஸ்போர்ட் போவதற்கு, கார்டு திரும்பி வருவதற்கு என்று சொல்லி இரண்டு நாள் அழுதாயாம். அதைக் கேட்ட பிறகு வார்டில் ஊசி போடுகிற வேலையை அன்று இன்னொரு நர்சிடம் கொடுத்துவிட்டேன்.

அப்பாவின் துறைமுகக் கம்பெனி இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறது. உன் பீஸையும் அவர்களே கட்டுவார்களாம். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அப்பா என்னிடம் கேட்டார். உன் படிப்பை நினைத்து, சரி என்று சொல்லத்தான் இருந்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தப்புதான்.

நேற்று டியூட்டி முடிந்து நேரே கார்டு ஆபீசுக்குப் போனேன். புதுக் கார்டு வாங்கி ஜஸ்டின் மாமாவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு. கிளார்க் திருநாவுக்கரசு தலை நிமிரவே இல்லை. ஆள் நேரில் வரவேண்டும், போட்டோ இங்கேதான் எடுக்கவேண்டும், அம்மா கையெழுத்தெல்லாம் செல்லாது என்றார். மற்ற நாளாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன், உனக்குத் தெரியும். நேற்று அவருக்கு இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அப்போதுதான் தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூனில் லீவு விட்டதும் அப்பாவோடு புறப்படு. நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசாமல் கம்பெனிக்குப் பதில் கிடையாது, மாத முடிவு தாண்டினாலும் சரி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மறுபடி படிக்கப் போவதும் இங்கேயே இருப்பதும் உன் இஷ்டம். நேரத்துக்குச் சாப்பிடு. ஹானாவுக்கு ஒரு கடிதம் எழுது, யாராவது அவளுக்கும் எழுதவேண்டுமல்லவா.

ஆண்டவர் உன்னைக் கண்மணி போலக் காப்பாராக. அழிந்த கார்டைத் தூக்கிப் போடாமல் கொண்டு வா. ஆள் நேரில் வந்தே ஆகவேண்டுமாம், மகளே.

உன் அம்மா,
சோபியா