கதவை நான் பூட்டவில்லை

ஈலி, மினசோட்டா
பிப்ரவரி 11

அன்பு மகள் ஐனோவுக்கு அம்மா எழுதுவது,

நானும் நாயும் சுகம். நீ சுகமா என்பதை நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் வரும் பொடிசுகள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், உன் இசைக்குழு எந்த ஊரில் வாசித்தது, கூட்டம் எப்படி என்பதெல்லாம் அதுகளுக்கு அத்துப்படி. பெற்றவளுக்கு ஒரு போன் போட உனக்குத்தான் கை வரவில்லை. போகட்டும். ஆனால் அந்தப் பாட்டு! "பனியில நின்னாரு அப்பா, கதவைப் பூட்டினா அம்மா" என்று ஏறும்போதும் பாடுகிறார்கள், இறங்கும்போதும் பாடுகிறார்கள், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பல்லைக் கடிக்கிறேன். நேற்று ஒரு வாண்டு, "ஆன்ட்டி, கதவைத் திறப்பீங்களா, இல்ல எங்களையும் வெளியே விட்டுப் பூட்டிடுவீங்களா?" என்று கேட்டது, பேருந்தே கொல்லென்று சிரித்தது.

கேள், போன சனிக்கிழமை டுலூத்தில் அந்த மது பாரில் நீங்கள் வாசித்தபோது நானும் வந்திருந்தேன். நீ மேடையிலிருந்து இறங்கியதும் நாலு கேள்வி நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் அந்தப் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். போன வருஷம் அதே பாரில் உங்கள் பாட்டைக் கேட்க ஆளே இல்லை என்று அழுதாயே, இப்போது தெருமுனை வரை வரிசை. அந்த வரிசையில் எனக்கு முன்னால் யார் தெரியுமா, உன் அப்பா. உங்கள் குழுவின் பெயர் போட்ட பனியனைக் கோட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டு, "பாட்டுல பனியில நிக்கிற அப்பா நான்தான்" என்று சுற்றியிருந்த காலேஜ் வயசுப் பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருந்தார். ஒரு பெண் கண் கலங்கி அவரைக் கட்டிக்கொண்டாள். "கதவைப் பூட்டின அம்மா நான்தான். டுவேன், மிச்சக் கதையையும் சொல்லு" என்றேன். உன் அப்பா திரும்பினார். பிள்ளைகள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ பூட்டல. திறந்துதான் வெச்சிருந்தா. நான்தான் திரும்பி வரல" என்றார்.

ஐனோ, உனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், அவரோ அன்று ராத்திரி கோபத்தில் சாவியை விட்டெறிந்துவிட்டு வீட்டை விட்டே போயிருந்தார், அதனால் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அவருடைய பழைய பூட்ஸையே இடுக்கில் வைத்துவிட்டு ராத்திரி முழுக்கக் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். சமையலறைக் குழாய் உறைந்து வெடித்ததுகூட அந்தக் குளிரில்தான். விடிந்ததும் பூட்ஸை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன், மாடிப்படியில் நின்று நீ பார்த்தது அதைத்தான். அப்பாவைக் குறை சொல்லிப் பிள்ளையை வளர்க்கக் கூடாது என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதற்கு எனக்குக் கிடைத்த பரிசு இந்தப் பாட்டு!

உள்ளே நீ அதைப் பாடியபோது கூட்டம் மொத்தமும் கூடவே பாடியது. நான் பாடவில்லை என்று சொல்லத்தான் ஆசை, என்ன செய்ய, மெட்டு அப்படி, வாய் தானாகப் போய்விட்டது. உன் அப்பா பாடவில்லை, பனியனைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். நீ கண்ணை மூடிக்கொண்டு பாடினாய், அதே எட்டு வயது முகம். கேட்க வந்த நாலு கேள்வியையும் கேட்காமல், உன்னைப் பார்க்காமலே கிளம்பிவிட்டேன்.

பாட்டை மாற்றச் சொல்லவில்லை, ஜனங்கள் அதைக் கேட்கத்தான் வருகிறார்கள். பாடுகிற உனக்காவது நடந்தது தெரிந்திருக்கட்டும். அப்பாவிடம் பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். டிரம்ஸ் அடிக்கிற கோல்பியைத் தூக்கக் கலக்கத்தில் வேன் ஓட்ட விடாதே. மேடையில் காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள், நீயும் கிழவியான பிறகு நான் திட்டுவது உனக்குக் கேட்க வேண்டாமா?

போகிற ஊரெல்லாம் உன் குரல் நிறையட்டும், நீ நன்றாக இருப்பாய். ஒன்றே ஒன்று, இந்தக் கடிதத்துக்கு மட்டும் மெட்டுப் போட்டுவிடாதே.

கோபம் இன்னும் தீராத உன் அம்மா,
ரூத்