பதினோரு வாய்தா

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே எங்களுக்கும் குறையில்லை, என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள், அதனால் உங்கள் நாட்டுக்கு வேலைக்கு வரும் மாடிவீட்டு நர்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போன வாரம் உன் தம்பியைச் சிறையில் பார்த்தோம், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் பத்து நிமிடம். உடம்பு இளைத்திருக்கிறது, வாய் இளைக்கவில்லை, அக்கா அங்கே எம்.பி.க்களைத் தூங்க விடுகிறாளா என்று கேட்டுச் சிரித்தான். உன் அம்மா வெளியே வந்துதான் அழுதாள்.

உங்கள் நாடாளுமன்றத்தில் அவனை விடுவிக்கக் கோரும் தீர்மானம் ஓட்டுக்கு வரும் அன்று அந்த எம்.பி. அம்மா வாசிக்க நீ எழுதிய அறிக்கையைப் படித்தேன். சில இடங்களை அடித்திருக்கிறேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அவன் உள்ளே போய் இரண்டு வருடம் என்கிறாய், பதினேழு மாதம்தான். அடித்தார்கள் என்கிறாய், அவன் அப்படிச் சொல்லவில்லை, நாமாக எழுதக் கூடாது. ஆலைக் கூட்டத்தில் பேசியதற்குப் பிடித்துப்போனார்கள், இன்றுவரை குற்றப்பத்திரிகை கிடையாது, வக்கீலைத் தனியாகப் பார்க்க விடவில்லை, உள்ளதே போதும். ஒரு எண் தப்பினாலும் இந்த அரசின் தூதர் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்.

அவர் அங்கே காட்டிய நீதிமன்றப் பதிவேட்டு நகல்தான் பெரிய தலைவலி. பதினோரு வாய்தாவிலும் கைதி நீதிபதி முன் ஆஜர் என்று அதில் இருக்கிறதாம், அதைப் பார்த்து ஏழெட்டு உறுப்பினர்கள் பின்வாங்குகிறார்களாம். பதினோரு நாளும் நான் அந்தக் கூடத்தின் கடைசி பெஞ்சில் கதவு சாத்தும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டே நாள்தான் அவனைக் கொண்டுவந்தார்கள், மற்ற நாளெல்லாம் வண்டி இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. ஆனால் பதிவேட்டை விட்டுவிட்டுப் பெற்ற அப்பன் பேச்சை யார் நம்புவார்கள்?

அதனால் இத்தனை வருடம் வாய்விடாத ஒன்றைச் சொல்கிறேன். அதே கோர்ட்டில் நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது, அச்சகத்தில் வேலை பார்த்த ஒரு பையனை இப்படித்தான் கொண்டுவராமலே இருந்தார்கள். நீதிபதி எழுதச் சொன்னார், மூன்று தடவை பதிவேட்டில் அவன் ஆஜர் என்று என் கையாலேயே எழுதினேன். அவன் அம்மா வராந்தாவில் நின்று, "ஐயா, எம்புள்ள வந்தானா?" என்று கேட்டாள். நான் உள்ளே போய்விட்டேன். வெட்கமாக இருக்கிறது, மகளே. இதையெல்லாம் பிரமாணப் பத்திரமாக எழுதி, பெயர், பதவி, தேதியோடு கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன். அந்தக் கோர்ட்டில் அப்படி எழுதியவனே சொன்னால், தூதர் காட்டும் பதிவேடும் அங்கே எடுபடாது. பொய்ப்பதிவுக்கு உங்களையும் உள்ளே வைப்பார்கள் என்று வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். வைக்கட்டும். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, "அந்தப் பையனோட அம்மா கேட்டதையும் எழுதினீங்களா?" என்றாள். எழுதியிருக்கவில்லை. அப்புறம் சேர்த்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். எடுத்த காரியம் கைகூடி நீங்கள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தப் பத்திரத்திலிருந்து ஒரு வரியைக்கூட எடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா