அப்பா சட்டைப்பையில் ஒரு சங்கு

என் பெரிய மகளுக்கு,

என் மணிக்கட்டுச் சுளுக்கைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் வயிற்றில் இருக்கிற குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். கை முடியாததால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், நடுவில் பேனாவைக் கீழே வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நம் கடைவாசலிலிருந்து தெரிகிற தீவுக்கு இத்தனை வருஷம் கழித்துப் போன வாரம்தான் போனோம். டைவிங் உடைகளைத் தைத்துத் தைத்தே உன் அப்பாவுக்குக் கண் மங்கியது, ஆனால் அந்த உடை நனைகிற இடத்தை அவர் பார்த்ததில்லை. வனத்துறை பாதுகாக்கிற தீவு என்பதால் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கட்டுப்பாடு, வெளியூர்க்காரர்களுக்கே இடம் போதாது. அன்று ஒரு குடும்பம் வராமல் போகவே, தங்கை வேலை செய்கிற படகின் டைவிங் மாஸ்டர் எங்களை ஏற்றிக்கொண்டார், எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்குமே, அவர்தான். வெளி மண் தீவுக்குள் வரக் கூடாதென்று இறங்கும்போதே தொட்டியில் கால் கழுவச் சொன்னார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கா போகிறோம் என்று உன் அப்பா கேட்டார். தீவிலிருந்து ஒரு பிடி மணல்கூட எடுக்கக் கூடாது, திரும்பும்போது காவலர் பையைச் சோதிப்பார், ஏதாவது அகப்பட்டால் அந்தப் படகுக்கு இந்த சீசன் முழுக்க அனுமதி கிடையாது என்றும் மாஸ்டர் சொன்னார். உன் அப்பா தலையாட்டினார்.

மணல் மாவு மாதிரி இருந்தது, தண்ணீர் அடிவரை தெரிந்தது. நான் இடுப்பளவில் நின்று கண்ணாடி மாட்டி முகத்தை மட்டும் உள்ளே வைத்தேன். அங்கே உன் தங்கை ஒரு வயதானவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகிறாள். அவர் பயந்து காலை உதைத்தார். இவள் அவர் முகத்துக்கு நேரே போய், உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெதுவாகத் தாழ்த்திக் காட்ட, மனிதர் அடங்கிவிட்டார். வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படிக்குள் ஓடுகிற பெண்ணா இது என்று எனக்கு ஆச்சரியம். வரும் சீசனில் இவளை வழிகாட்டிப் பயிற்சிக்குச் சேர்க்கலாமா என்று மாஸ்டர் கேட்டார். உன் அப்பா சட்டென்று மறுத்தார், வாயே திறக்காதவள் நாலு பேரை எப்படி மேய்ப்பாள், அக்கா கேட்டபடி அவள் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். இவள் குனிந்து சிலிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது எல்லோரும் கால் கழுவ வரிசையில் நின்றோம். முன்னால் காவலர் பைகளைத் திறந்து பார்க்கிறார். இவள் திடீரென்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அப்பா, சட்டைப்பைல இருக்கறத எடுத்த இடத்துலயே வெச்சுட்டு வாங்க" என்றாள். இவரும் அசராமல், "மாத்திரை டப்பாம்மா" என்றார். "மாத்திரை டப்பாவுக்குக் கால் இருக்காதுப்பா." பார்த்தால் பையிலிருந்து ஒரு நண்டின் கால் எட்டிப் பார்க்கிறது. பேரனுக்கு என்று ஒரு சங்கை எடுத்திருக்கிறார், உள்ளே ஆள் குடியிருப்பது தெரியாமல். வரிசையே சிரித்தது, காவலரும் சிரித்தார். உன் அப்பா அவ்வளவு மணலிலும் திரும்ப நடந்து போய் அதை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தார். படகில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். இவளும் சமாதானம் சொல்லப் போகவில்லை.

மறுநாள் கடையில் யாரோ கழித்துவிட்டுப் போன டைவிங் உடை ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, "அவ தோள் அளவ எடுத்துக் குடு, இது பெருசா இருக்கும்" என்றார். நான் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு இவளிடம் போனேன்.

அதனால், அவளுக்கு டிக்கெட் போடாதே, வரும் சீசனில் அவள் பயிற்சிக்குப் போகட்டும். பிரசவத்துக்கு நான் வருகிறேன். விமானம் என்றால் எனக்குப் பயம்தான், இருந்தாலும் வருகிறேன், ஜன்னல் சீட் மட்டும் வேண்டாம். நீ இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே, பேரனைத் தூக்கிக்கொண்டு படி ஏறாதே. எல்லாம் நல்லபடி நடக்கும், நன்றாக இரு.

உன்னிடம் வரக் காத்திருக்கும்
அம்மா

அக்கா, இது அம்மா சொல்லாதது. உனக்கு என் மேல் கோபம் இருந்தால் ஃபோனில் என்னையே கூப்பிடு. நான் பேசுகிறேன்.