ஏழாவது முளைக்குச் சங்கு

நள வருஷம், பங்குனி 3, வெள்ளி

காலையிலேயே வெயில். குரங்கணிப் பக்கம் சரிவில் புல் எரிகிறது. மூன்றாம் நாளாகப் புகை. குதிரை சங்குக்கு இருமல். புகைதான் காரணம். கொள்ளு பாதியை மீதம் வைத்துவிட்டது.

செய்ய வேண்டியவை: முன்கால் லாடம் இரண்டும் மாற்ற. வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய். முளைக்கயிறு மஞ்சளில் நனைத்துக் காயப்போட.

திருவிழாப் பந்தயத்துக்கு இன்னும் பதினேழு நாள். கோயில் முன் பந்தயம் புறப்படும் இடத்தில் ஏழு முளைக்கம்பு, ஏழு வீட்டு வண்டி. ஒரு வருஷம் வண்டி வராத முளை வேறு வீட்டுக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. மற்ற ஆறு வீட்டுக்கும் பாட்டன்மார் விட்டுப்போனது. ஏழாவதுக்கு நான் நாட்டாண்மை வாசலில் ஒன்பது வருஷம் நின்றேன். ஒருவனும் உட்கார் என்று சொல்லவில்லை.

பங்குனி 5, ஞாயிறு

மலையடியில் முந்தல் ஊர் வரை ஓட்டிப் பார்த்தது. வண்டியில் மாப்பிள்ளை, என் மகள் வீரம்மாளின் புருஷன். கையில் பதம் உண்டு, மனசில் உறுதி கிடையாது. நான் வாய்க்கால் பாலத்தில் நின்றேன்.

போகும்போது நல்ல ஓட்டம். திரும்பும்போது காணோம். வெகுநேரம் கழித்து மாப்பிள்ளை இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து நடத்திவந்தான்.

“ஏன் எறங்குன?”

“அதுவா நின்னுருச்சு மாமா. மொழங்கால் ரெண்டும் வெடவெடங்குது. வாயெல்லாம் நுரை.”

“சாட்டை எங்க?”

“கையிலதான் இருக்கு.”

கையில்தான் இருந்தது. அதைத்தான் சொல்கிறேன்.

பதினேழு வயசு ஒரு வயசே இல்லை. ஐந்து வயசில் வாங்கியது, பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பதினொரு திருவிழா. இரண்டில் முதல். ஒன்றில் முதலாக வந்தும், சக்கரம் சக்கரம் சமம் என்று சொல்லிப் பரிவட்டத்தை அடுத்தவனுக்குக் கட்டினார்கள். அந்த வருஷம் பந்தல் சோறு சாப்பிடாமல் வந்தேன். இன்றுவரை சாப்பிடவில்லை.

பங்குனி 6, திங்கள்

லாடம் கட்ட ராவுத்தர் வந்தார். நல்ல தொழில்காரர். பேச்சு அதிகம். கால் இரண்டும் முடித்தபின், நான் கேட்காமலே குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். பிறகு நாக்கை ஒதுக்கி இன்னொரு தரம்.

“அண்ணே, சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. இதுக்கு என்ன வயசுன்னு வாங்குனீங்க?”

“அஞ்சு.”

“அஞ்சு இல்லண்ணே. அன்னைக்கே பத்துக்கு மேல. தேஞ்ச பல்லுல குழி தோண்டி, சுட்டுக் கருப்பு ஏத்திருக்கான் வித்தவன். எளங்குதிரைப் பல்லு மாதிரி தெரியும். இப்ப அது பூராத் தேஞ்சு போச்சு. அடியில சூடு பட்ட தடம் மட்டும் நிக்குது, பாருங்க.”

“எனக்குத் தெரியாத பல்லா?”

“தெரியும்ணே. அதான் சொல்றேன். இருபத்திரண்டு, இருபத்துமூணு இருக்கும். இத ஓட்டாதீங்க.”

ஆணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். போனார். வீரம்மாள் பின்னாலேயே போய் மோர் கொடுத்தாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

பங்குனி 7, செவ்வாய்

வெயில். புகை இல்லை. இருமல் இருக்கிறது.

யாரும் வராத நேரம் பார்த்து நானே வாயைத் திறந்து பார்த்தேன். கண்ணாடி போட்டு ஒரு தரம், விரலால் தடவி ஒரு தரம்.

எழுத்துக் கூட்டி நானாகப் படித்தவன். குதிரை லட்சணப் புத்தகத்தை முழுக்க இரண்டு தரம் படித்தவன். சுழி, பல், குளம்பு எல்லாவற்றுக்கும் ஊரார் என்னிடம்தான் வருகிறார்கள். என் பேச்சைக் கேட்டுக் குதிரை வாங்கியவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள்.

தடம் இருக்கிறது. நாலு பல்லில்.

யாரிடமும் சொல்வதாக இல்லை.

பங்குனி 10, வெள்ளி

ஏலக்காய்க் களத்துக்குப் போனேன். மலையிலிருந்து மூட்டை இறங்கிய நாள், கூட்டம். பங்காளி முத்தையா அங்கே. முளை கேட்டு நாலு வருஷமாக நிற்பவன். அவனிடம் இளங்குதிரை இருக்கிறது.

“வாங்கண்ணே. இந்தத் தடவை குதிரைய வண்டியில கட்டுறீங்களா, இல்ல வண்டியில ஏத்திக் கொண்டாறீங்களா?”

களம் முழுக்கச் சிரிப்பு. காய் பொறுக்கும் பெண்கள்கூட.

சிரிப்பு அடங்கியபின் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்து, “நெசமாச் சொல்றேண்ணே, என் குதிரை ஒங்க வண்டியில ஓடட்டும். மொளை ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கட்டும். சங்கு கொல்லையில நின்னு கொள்ளு தின்னட்டும்” என்றான்.

நான் ஒன்பது வருஷம் நின்றபோது அந்த வாசலில் திண்டில் சாய்ந்து வெற்றிலை போட்டவன் இவன் தகப்பன். பொது என்ன பொது. முகம் பார்க்காமல் வந்துவிட்டேன்.

சீமையில் சண்டை வந்தபின் நல்ல குதிரையெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது, சந்தைக்கே வருவதில்லை. வந்தாலும் இனி என் கண்ணை நம்பி எப்படி வாங்குவது?

பங்குனி 13, திங்கள்

காப்புக் கட்டிய நாள். முளையில் மஞ்சள் கயிறு சுற்ற வேண்டியது இன்றுதான். ஆறு முளையிலும் கட்டி முடித்து, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முத்தையாவும் ஒரு கயிற்றை மடியில் வைத்திருந்தான். முனை வெளியே தெரிந்தது.

கட்டிவிட்டேன். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு.

வீட்டில் வீரம்மாள்:

“கட்டிட்டீங்களா?”

“கட்டிட்டேன்.”

“அம்மா படுக்கையில கெடந்தப்பவும் இப்படித்தான் அய்யா. ஒண்ணும் இல்ல, எந்திரிச்சுருவான்னே சொல்லிட்டிருந்தீங்க.”

சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரசத்தில் உப்பில்லை. கேட்கவில்லை.

பங்குனி 16, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. சங்கு நின்றபடி தூங்குகிறது. எழுப்பினால்தான் தண்ணீர். இடது முன்கால் வீக்கம், நொச்சி ஒத்தடம் இரண்டு வேளை. அச்சுக்கு எண்ணெய் போட்டாயிற்று.

பங்குனி 19, ஞாயிறு

மாப்பிள்ளை வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதையோ யோசித்து வைத்துக்கொண்டு வந்தால் அப்படித்தான் நிற்பான்.

“மாமா, வண்டி மொளைக்கு வந்து, கொட்டு அடிச்சதும் கோட்டைத் தாண்டணும். அவ்வளவுதான கட்டுப்பாடு? ஓடி முடிக்கணும்னு எவனும் சொல்லலியே. நாலு எட்டு நடத்தித் தாண்டிட்டு, ஓரமாத் திருப்பிக்குவோம். மொளையும் நிக்கும், குதிரையும் நிக்கும்.”

“ஊரு சிரிக்கும்.”

“சிரிச்சுட்டுப் போகுது.”

“ஒனக்கு என்ன. ஒன்னைப் பாத்து எந்த ஊரு சிரிக்கப்போகுது? வெளிய போ.”

போகவில்லை. “நாளைக்கு ஓட்டச் சொன்னீங்கன்னா நான் வண்டியில ஏற மாட்டேன் மாமா” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தரம் என்னை எதிர்த்துப் பேசினான்.

பங்குனி 20, திங்கள். காலை

விடியுமுன் கொல்லைக்குப் போனேன். படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்றது. பின்கால் ஊன்றி, முன்கால் வராமல், மறுபடி படுத்து, மறுபடி. நாலாம் தரம் எழுந்தது.

மாப்பிள்ளை சொன்னபடியே செய்வது. நாலு எட்டு, பிறகு ஓரம். ஆனால் வண்டியில் நான்தான் ஏறுவேன். சிரிப்பதை என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். மாப்பிள்ளையிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான். வீரம்மாள் குதிரைக்குத் தண்ணீர் காட்டினாள், பல நாளுக்குப் பிறகு.

அதே நாள், மாலை

எழுதிவிட வேண்டும்.

முளைக்கு வந்தது. அமைதியாக நின்றது. முத்தையா கூட்டத்தில் இருந்தான். கடிவாளத்தை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டேன்.

கொட்டு அடித்தார்கள்.

கொட்டுச் சத்தம் கேட்டால் கடிவாளத்தை மதிக்கக் கூடாது என்று அதைப் பழக்கியவன் நான். மற்ற வீட்டு ஆட்கள் குறுக்கே வந்து கடிவாளத்தைப் பிடித்து நிறுத்துவார்கள் என்று பயந்து, கொட்டுக்காரரைக் கொல்லைக்கே வரவழைத்து, இரண்டு வருஷம் பழக்கினேன். நின்றால் அடி, ஓடினால் கொள்ளு. அது மறக்கவில்லை. நான் மறந்துபோனேன்.

பாய்ந்துவிட்டது. எழுந்து நின்று இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. நிற்கவில்லை. “சங்கு! சங்கு!” என்று கத்தினேன். இத்தனை வருஷமும் முடுக்குவதற்கே அந்தப் பெயரைக் கத்தியிருக்கிறேன். காது இரண்டையும் பின்னால் சாய்த்து இன்னும் வேகம் எடுத்தது. இரண்டு வண்டியைத் தாண்டியது. சாலை ஓரத்தில், “ஏய், கெழட்டுக் குதிரை போகுதுடா!” என்று துண்டைச் சுழற்றினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முந்தலுக்குச் சற்று முன், மலை ஏற்றம் தொடங்கும் இடத்தில் முன்கால் மடிந்தது. வண்டி சாய்ந்தது. எனக்குத் தோளில் அடி, பெரிதாக இல்லை. மாப்பிள்ளை அவ்வளவு தூரமும் பின்னால் ஓடி வந்திருக்கிறான். வந்து வாரை அறுத்தான். படுத்த நிலையிலும் முன்கால் இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன. ராவுத்தர் வந்து நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. உச்சிப் பொழுது தாண்டியபின் கால்கள் நின்றன.

பங்குனி 21, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. நான் கேட்காமலே முத்தையா மாடும் இழுவைச் சட்டமும் அனுப்பி, சங்கைக் கொல்லைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். கொல்லைப் படலைத் திறந்துவிடச் சொன்னேன்.

மாப்பிள்ளையும் ராவுத்தரும் குழி வெட்டுகிறார்கள். அடியில் சுக்கான் பாறை, கடப்பாரை எகிறுகிறது. கையில் கட்டு, என்னால் பிடிக்க முடியாது.

நாட்டாண்மை வீட்டு ஆள் வந்தான். “கொட்டுக்குக் கோட்டைத் தாண்டிருச்சாம். வர்ற வருஷமும் ஏழாவது மொளை ஒங்களுக்குத்தான்னு சொல்லச் சொன்னாக.”

குழி ஆழம் போதாது, இன்னும் ஒரு முழம் வெட்டச் சொன்னேன்.